இரும்புத் தீவு – 9: பதின்மூன்றரை நிமிடக் கடன்

சென்ற வாரம் ஜூலி மாஸை இறுதிக் கோட்டுக்குச் சில அடி முன்னால் தரையில் தவழவிட்டு நிறுத்தியிருந்தோம். 1982 பிப்ரவரி. உடற்பயிற்சி பற்றிய கல்லூரி ஆய்வுக்காக அயர்ன்மேன் போட்டியில் பெயர் கொடுத்த 23 வயதுப் பெண். முன்னணியில் வந்துகொண்டிருந்தவருக்குக் கடைசி நேரத்தில் கால்கள் மடங்கிவிட்டன. கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போனார். 29 விநாடி கழித்து ஜூலி கையையும் முழங்காலையும் ஊன்றி ஊர்ந்து கோட்டைத் தொட்டார். ஏபிசி தொலைக்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் காட்டியது.

பார்த்தவர்களில் ஒருவர் மார்க் ஆலன். வயது 24. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கடற்கரையில் லைஃப் கார்டு வேலை. பத்து வயதிலிருந்து நீச்சல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தபோது கல்லூரி அணியின் முக்கியமான நீச்சல் வீரர். ஆனால் ஒலிம்பிக் தரத்துக்கு எட்டாத வேகம். படிப்பு முடிந்ததும் நீச்சலும் முடிந்தது என்றுதான் இருந்தார். அன்றைக்குத் திரையில் கண்ட காட்சி அவரை எழுப்பிவிட்டது. சில மாதங்களில் உள்ளூரில் நடந்த ஒரு டிரையத்லானில் இறங்கி நான்காவதாக வந்தார். அவருக்கு முன்னால் வந்த மூவரும் யார் தெரியுமா? டேவ் ஸ்காட், ஸ்காட் டின்லி, ஸ்காட் மொலினா. அடுத்த பத்தாண்டுக்கு இந்த விளையாட்டை ஆளப்போகும் நால்வரும் முதல் நாளே ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். (ஜூலி மாஸைப் பின்னாளில் ஆலன் மணந்துகொண்டார். கதாசிரியன் எழுதினால் நம்பமாட்டோம்.)

இந்த வாரம் ஆலனின் கதை. அதைச் சொல்ல டேவ் ஸ்காட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் போட்டியின் அளவை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு ஒரு முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாக. 1981 முதல் போட்டி ஹவாயின் பெரிய தீவுக்கு, கைலுவா-கோனா என்ற சிற்றூருக்கு வந்துவிட்டது. எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்துக் கிடக்கும் பொட்டல் நடுவே நெடுஞ்சாலை. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சூரியன் மேலிருந்து காய்ச்சும், கறுப்புப் பாறை கீழிருந்து காய்ச்சும். வடக்கே ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது பக்கவாட்டில் அறையும் காற்றுக்கு உள்ளூரில் முமுகு என்று பெயர். ஓடும் சைக்கிளை அப்படியே சாலையோரம் தள்ளிவிடும்.

இந்தத் தீவு டேவ் ஸ்காட்டுக்குச் சொந்தம் போல இருந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்துக்காரர், நீர்ப்போலோ ஆடி வளர்ந்தவர். 1980-இல், போட்டி கோனாவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே, முதன்முறை கலந்துகொண்டு வென்றார். பிறகு 1982 அக்டோபர், 1983, 1984, 1986, 1987. ஆக மொத்தம் ஆறு. எல்லோரும் அவரைச் சுருக்கமாக ‘தி மேன்’ என்றார்கள். பாலாடைக்கட்டியில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் போகட்டும் என்று அதைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சாப்பிடும் ஆசாமி. பயிற்சியில் அதைவிடக் கண்டிப்பு.

ஆலன் 1982 அக்டோபரில் முதன்முதலாகக் கோனாவுக்கு வந்தார். சைக்கிள் பாதியில் டேவ் ஸ்காட்டுக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தார். உற்சாகத்தில், இது முடிந்ததும் ஓடப் போவோமா என்று விளையாட்டாகக் கேட்டாராம். டேவ் ஒரு பார்வை பார்த்தார். கியரை மாற்றி அழுத்திக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஆலனின் சைக்கிளில் கியர் மாற்றும் பாகம் உடைந்தது. அவருடைய முதல் அயர்ன்மேன் சாலையோரத்தில் முடிந்தது.

1983-இல் மூன்றாம் இடம். 1984-இல் சைக்கிளை விட்டு இறங்கும்போது டேவை விடச் சுமார் 12 நிமிடம் முன்னால் இருந்தார். ஓட்டத்தில் வெயில் அவரைத் தின்றுவிட்டது. நடந்து, தள்ளாடி, ஐந்தாவதாக வந்தார். டேவ் அன்றைக்கு முதன்முறையாக 9 மணி நேரத்துக்குள் முடித்துச் சாதனை செய்தார். 1985-இல் ஆலன் வரவில்லை. 1986-இல் டேவுக்கு அடுத்து இரண்டாவது. 1987-இல் ஓட்டத்தின் பெரும்பகுதி அவர்தான் முதலில். நாலு நிமிடத்துக்கு மேல் முன்னிலை. இந்தத் தடவை நிச்சயம் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் உடல் குலைந்தது. டேவ் தாண்டிப் போனார். குடலுக்குள் ரத்தம் கசிந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகும்படி ஆயிற்று. 1988-இல் டேவே முழங்கால் வலியால் விலகிக்கொண்டார். வழி திறந்துவிட்டது என்று பார்த்தால் ஆலனின் சைக்கிள் டயர் இரண்டு முறை பஞ்சர். ஐந்தாம் இடம். வென்றவர் மொலினா.

ஆறு முறை வந்து ஆறு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோனாவைத் தவிர மற்ற இடங்களில் ஆலனைப் பிடிக்க ஆளில்லை. பிரான்சின் நீஸ் நகரில் நடந்த நெடுந்தூர டிரையத்லான், மத்தியதரைக் கடலில் நீந்தி, மலைச்சாலையில் சைக்கிள் மிதித்து, கடற்கரையோரம் ஓடும் போட்டி. 1982 முதல் 1986 வரை ஐந்து முறையும் அவரே. பிறகு 1989 முதல் 1993 வரை மறுபடியும் ஐந்து. நீஸில் இறங்கிய பத்து முறையும் வெற்றி. அங்கே பரிசுப் பணமும் இருந்தது; அயர்ன்மேனிலோ 1986 வரை ஒரு டாலர்கூடக் கிடையாது. பிழைப்பை நினைத்தால் நீஸ் போதும். ஆனாலும் அந்தக் காலத்தில் டிரையத்லான்காரனைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஹவாயில் ஜெயித்தாயா?

திறமையில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. பிறகு எதில் குறை? விடை ஓடும் வேகத்தில் இருந்தது, அதுவும் பயிற்சியில் ஓடும் வேகத்தில். நீச்சல் குளத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரே மந்திரம்தான், வலித்தால்தான் பலன். ஆலனும் தினசரி ஓட்டம் ஒவ்வொன்றிலும் கொஞ்சத் தூரமாவது போட்டி வேகத்தையும் மிஞ்சி ஓடிக்கொண்டிருந்தார். அதன் பலன் காயம், அசதி, ஒரு நாள் பிரமாதம், மறுநாள் படுக்கை. 1980-களின் நடுவில் ஃபில் மாஃபெட்டோன் என்ற பயிற்சியாளர் அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். 180-இலிருந்து வயதைக் கழி. உடல்நிலையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டு அல்லது குறை. வருகிற எண்ணைத் தாண்டி இதயம் துடிக்கவே கூடாது. ஆலனுக்கு வந்த எண் நிமிடத்துக்கு 155.

நெஞ்சில் துடிப்புமானியைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார். 155-க்குள் அடங்க வேண்டுமானால் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. சும்மா உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போகக்கூடிய வேகம். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே ஓடினார். சில ஆண்டுகளில், அதே 155 துடிப்பில் ஒரு கிலோமீட்டரை 3 நிமிடம் 20 விநாடிக்குள் ஓடுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

இதன் காரணம் எளிது. நம் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை சுமார் 2,000 கலோரிக்குத்தான் காணும். எட்டு மணி நேரப் போட்டிக்கு அதுபோல் பல மடங்கு வேண்டும். வழியில் குடிப்பதும் தின்பதும் கொஞ்சம்தான் ஈடுகட்டும்; மீதி முழுக்க உடம்பின் கொழுப்பிலிருந்து வர வேண்டும். இதயம் படபடக்க ஓடுகிறவனின் உடல் சர்க்கரையைத்தான் கேட்கும். நிதானமாக ஓடிப் பழகிய உடல் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கம் கூடக் கூட, அதே நிதானத்தில் வேகம் தானாக ஏறும். கோனாவில் ஆலன் 1984-இலும் 1987-இலும் மாரத்தானில் விழுந்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லை இது. 1984-க்கும் 1989-க்கும் நடுவே மெதுவாக உடலுக்குள் படிந்தது.

1989 வந்தது. அந்த ஆண்டு ஆலன் தொட்டதெல்லாம் துலங்கியது. ஆகஸ்டில் பிரான்சின் அவின்யோன் நகரில் முதலாவது உலக டிரையத்லான் சாம்பியன் போட்டி நடந்தது. அது குறுகிய தூரம்: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதிலும் முதலிடம். டேவும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் நடந்த அயர்ன்மேனை 8 மணி 1 நிமிடம் 32 விநாடியில் முடித்து, அதுவரை உலகில் யாரும் காணாத நேரத்தைப் பதித்துவிட்டு வந்தார். இருவரும் வாழ்க்கையின் உச்சத்தில் இருந்தார்கள், ஒரே நேரத்தில்.

அக்டோபர் 14. ஆலனின் திட்டம் ஒரு வரியில் அடங்கும்: டேவை விட்டுப் பிரியாதே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் டேவை முந்தப் பார்த்தார், முந்தியதும் தீவிடம் தோற்றார். இந்த முறை கடலிலிருந்தே டேவின் கால்களை ஒட்டி நீந்தினார். இருவரும் 51 நிமிடம் சொச்சத்தில் கரையேறினார்கள். சைக்கிளை 4 மணி 37 நிமிடம் சொச்சத்தில் முடித்தார்கள், ஏறத்தாழ ஒன்றாகவே. பிறகு ஓட்டம். தோளுக்குத் தோள். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 45 விநாடி என்கிற வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு ஓடினார்கள். பின்னால் யாரும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. உடன் வந்த வண்டிகளிலும் சைக்கிள்களிலும் இருந்தவர்கள் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று அன்றைக்கு இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பாதி ஓட்டத்தில் தாம் உள்ளுக்குள் கைவிட்டுவிட்டதாக ஆலன் பின்னர் பலமுறை சொன்னார். டேவ் சற்றே அழுத்த, இரண்டாம் இடமே போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்ததாம். அப்போது நினைவில் ஒரு கிழவரின் முகம் வந்தது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் பார்த்த படம்: மெக்சிகோவின் வீச்சோல் பழங்குடியைச் சேர்ந்த மந்திர வைத்தியர் தோன் ஹோசே மட்சுவா, நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்லப்பட்டவர். உயிரோடு இருப்பதே மகிழ்ச்சி என்பது போன்ற சிரிப்பு. அந்த முகம் வந்ததும் மனத்தின் கூச்சல் அடங்கியது என்பது ஆலனின் வாக்குமூலம். பின்னாளில் அந்தக் கிழவரின் சீடர் பிரான்ட் செகுண்டாவிடம் சேர்ந்து பயின்றார். இருவரும் சேர்ந்து புத்தகமும் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கட்டுரையாளர்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு சாரார் அந்த முகமே வெற்றிக்குக் காரணம் என்பார்கள். மறு சாரார் சிரிப்பார்கள். நான் ஆலனின் சொல்லைச் சந்தேகிக்கவில்லை. ஏழு மணி நேரம் உழைத்த மூளைக்கு எதையாவது பற்றிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மனம் அமைதியான பிறகு ஓடுவதற்குக் கால்களில் மிச்சம் இருக்க வேண்டுமே? அந்த மிச்சம் ஐந்து ஆண்டுகளாக 155 துடிப்பில் சேமித்தது. 1987-இல் அதே முகம் வந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஊருக்குள் இறங்குவதற்கு முன் பலானி சாலையில் கடைசி மேடு. முடிக்க இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். இறக்கத்தில் டேவ் வேகமானவர், அது ஆலனுக்குத் தெரியும். எனவே பிரிவது ஏற்றத்திலேயே நடந்தாக வேண்டும். மேட்டில் கால் வைத்ததும் ஆலன் ஓர் அழுத்து அழுத்தினார். எட்டு மணி நேரத்தில் முதன்முறையாக இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. டேவால் அதை மூட முடியவில்லை.

8 மணி 9 நிமிடம் 15 விநாடி. டேவ், 8 மணி 10 நிமிடம் 13 விநாடி. வித்தியாசம் 58 விநாடி. முந்தைய சாதனை 8 மணி 28 நிமிடம் 37 விநாடி. அதாவது தோற்றவரும் பழைய சாதனையை 18 நிமிடத்துக்கு மேல் உடைத்தார். மூன்றாவதாக வந்த ஆஸ்திரேலியர் கிரெக் வெல்ச் கோட்டைத் தொட இன்னும் 22 நிமிடம் ஆயிற்று. ஆலனின் மாரத்தான் நேரம் 2 மணி 40 நிமிடம் 4 விநாடி. அந்தக் காலக் கணக்கில் சைக்கிளை வைத்துவிட்டுக் காலணி மாற்றும் நேரமும் ஓட்டத்தோடு சேர்ந்துவிடும். ஆக, உண்மையில் அதைவிட விரைவாகவே ஓடியிருக்கிறார். கோனாவில் அந்த எண்ணை முறியடிக்க 2016-இல் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே வர வேண்டியிருந்தது. 27 ஆண்டு. அதுவும் 19 விநாடியில்.

இதற்கு அயர்ன் வார் என்று பெயர் வைத்தார்கள். புத்தகம் வந்தது, படங்கள் வந்தன. இன்றுவரை மார்க் ஆலன் என்றால் அந்த 58 விநாடிதான் பேச்சு.

அடுத்த நான்கு ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஆலன் வென்றார் என்பதைத் தவிர அதிகம் சொல்ல இல்லை. 1990-இல் டின்லி இரண்டாவது, 1991-இல் வெல்ச், 1992-இல் சிலி நாட்டின் கிறிஸ்டியன் புஸ்தோஸ், 1993-இல் ஃபின்லாந்தின் பாவ்லி கியூரு. பெயர்கள் மாறின, முதலிடம் மாறவில்லை. 1993-இல் 8 மணி 7 நிமிடம் 45 விநாடி, புதிய சாதனை. நடுவே 1988 இறுதியிலிருந்து 1990 வரை தொடர்ந்து 20 போட்டிகளில் அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. பத்திரிகைகள் அவரை ‘தி கிரிப்’ என்று அழைத்தன; பிடித்தால் விடாதவர் என்ற பொருளில். 1994-இல் அவர் கோனாவுக்கு வரவில்லை. அந்த ஆண்டு 40 வயது டேவ் ஸ்காட் திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தார் என்பது தனிக் கதை, அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

இப்போது 1995. என் கணக்கில் ஆலனின் மிகப் பெரிய நாள் இதுதான், 1989 அல்ல.

அவருக்கு 37 வயது. அந்த வயதில் யாரும் கோனாவை வென்றதில்லை. அன்றைக்கு முமுகு வெறிகொண்டு வீசியது. ஜெர்மனியிலிருந்து வந்த 24 வயது தாமஸ் ஹெல்ரீகல் அந்தக் காற்றிலும் சைக்கிளை 4 மணி 29 நிமிடம் 37 விநாடியில் முடித்துவிட்டு ஓடக் கிளம்பினார். ஆலன் சைக்கிளை விட்டு இறங்கியபோது ஹெல்ரீகல் அவரைவிட 13 நிமிடம் 31 விநாடி முன்னால் இருந்தார்.

1989-இல் எதிரி தோளருகே இருந்தான். அவன் மூச்சைக் கேட்கலாம், தளர்வைப் பார்க்கலாம், மேடு வரும்வரை காத்திருக்கலாம். இங்கே எதிரி கண்ணுக்கே தெரியவில்லை. கையில் இருப்பது கணக்கு மட்டும்: கிலோமீட்டருக்குச் சுமார் 19 விநாடி வீதம் 42 கிலோமீட்டரும் விடாமல் மீட்க வேண்டும். ஆசைப்பட்டு முதல் பத்து கிலோமீட்டரில் பாய்ந்தால் 1984 திரும்பும். தயங்கினால் நேரம் போதாது. கடனை அசலும் வட்டியுமாகத் தவணை தவறாமல் அடைக்கிற சம்சாரி மாதிரி ஓடினார் மனிதர். பாதி தூரத்தில் பாதிக்கு மேல் அடைந்திருக்கும் என்று நினைத்தால், இல்லை. வெகுநேரம் ஹெல்ரீகலும் நன்றாகவே ஓடினார். கடைசிப் பகுதியில்தான் இளைஞரின் கால் கனத்தது. முடிக்கச் சில கிலோமீட்டரே இருக்கையில் ஆலன் அவரைப் பிடித்தார், தாண்டினார், திரும்பிப் பார்க்கவில்லை.

8 மணி 20 நிமிடம் 34 விநாடி. ஹெல்ரீகல் 2 நிமிடம் 25 விநாடி பின்னால். ஆலனின் மாரத்தான் 2 மணி 42 நிமிடம் 9 விநாடி. வயது ஆறு கூடியிருந்தது, ஓட்ட நேரம் இரண்டே நிமிடம்தான் கூடியிருந்தது. அதிலும் 1989-இல் பக்கத்தில் டேவ் இருந்தார், இப்போது தனியாக. ஹெல்ரீகலும் வீணாகிப் போகவில்லை, 1997-இல் ஜெர்மனிக்கு முதல் அயர்ன்மேன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

1996-இல் ஆலன் போட்டிகளிலிருந்து விலகி, பயிற்சியாளர் ஆனார். இன்றும் தம் மாணவர்களிடம் அவர் முதலில் கேட்பது துடிப்புமானியைக் கட்டிக்கொண்டு மெதுவாக ஓடத்தான். 37 வயது என்ற அவருடைய கோனா சாதனையை 2011-இல் 38 வயதுக் கிரெய்க் அலெக்சாண்டர் தாண்டினார். 2012-இல் ஈஎஸ்பிஎன் நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த நெடுந்தாக்குப் பந்தய வீரராக ஆலன் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தகைய வாக்கெடுப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாரத்தான்காரனையும் மிதிவண்டிக்காரனையும் எந்தத் தராசில் வைப்பது?

கோனாவில் அவருடைய கணக்கு இது: 12 முறை வந்தார், முதல் ஆறும் தோல்வி, கடைசி ஆறும் வெற்றி. டேவ் ஸ்காட்டின் அயர்ன்மேன் கணக்கிலும் ஆறு வெற்றிதான். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், 1980-களில் டேவ். அதற்குப் பிறகு ஆலன். இருவரையும் சேர்த்து ஒரே ஒருவரைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், 1995-க்காக ஆலன்.

அதே 1995 போட்டியில், பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பாலா நியூபி-ஃபிரேசர், இறுதிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். கேரன் ஸ்மையர்ஸ் அவரைக் கடந்து போய்ப் பட்டத்தை வென்றார். கோனாவில் ஆண், பெண் இருபாலரிலும் அதிகமாக எட்டு முறை வென்றவர் அந்தப் பாலாதான். அவருடைய முதல் பட்டமும் முதலில் கோட்டைத் தொட்டுக் கிடைத்ததல்ல. அவருக்கு முன்னால் வந்தவர் விதிமீறலுக்காக நீக்கப்பட்டதால் கிடைத்தது. அவர் கதை அடுத்த வாரம்.